சிங்க்குக்கு அடியில் சொட்டிய இரண்டு தண்ணீர்: கீழக்கரை வீடொன்றின் ஒழுகல் ஆய்வு

வீடு கீழக்கரையில், கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. கட்டி பதினொரு ஆண்டாகிறது. சமையலறையில் கிரானைட் மேடை, அதில் 24-க்கு 18 அங்குல எவர்சில்வர் சிங்க், அதன் அடியில் கதவு போட்ட பிளைவுட் அலமாரி. காலையில் கதவைத் திறந்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதுதான் புகார். 18 மில்லிமீட்டர் பலகை பின்மூலையில் ஊதி 22 ஆகியிருந்தது. உள்ளே பூஞ்சை வாடை, கதவின் கீல்களில் துரு, பலகையின் ஓரம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

இதற்கு முன் நடந்த வைத்தியம் எல்லாமே கழிவுநீர்ப் பக்கம்தான். வேஸ்ட் பைப் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. சிங்க்கின் துளையில் மாட்டியிருக்கும் வேஸ்ட் கப்ளிங்கைச் சுற்றி எம்-சீல் அப்பி, அதன்மேல் சிலிகானும் பூசியிருந்தார்கள். ஒழுகல் நிற்கவில்லை. பார்த்தவர்கள் அங்கே கை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் சொட்டு விழுவது பாட்டில் ட்ராப்பின் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கும் கிண்ணம்) அடி நட்டிலிருந்துதான். ஆனால் சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே ஒன்றரை, இரண்டு அடி இறங்கி, வழியில் எது தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதன் நுனியில் போய்ச் சொட்டும். சிங்க்குக்கு அடியில் எல்லாவற்றிலும் தாழ்வாக இருப்பது ட்ராப். அதனால் ஊரில் பாதி வீடுகளில் ட்ராப் மேல்தான் பழி விழுகிறது.

இந்தக் கரையில் ஒழுகலைக் கண்டுபிடிக்க எல்லா ஊர்க்காரர்களுக்கும் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. இங்கே ஒரே சிங்க்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தண்ணீர் வருகிறது. பாத்திரம் கழுவ போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர். சமைக்க, அரிசி களைய காவிரிக் கூட்டுக் குடிநீரோ லாரித் தண்ணீரோ. குடிக்க ஆர்ஓ மெஷின். ஒவ்வொன்றிலும் கரைந்திருக்கும் உப்பின் அளவு வேறு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா அளவு டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டர் ஒன்று கையில் இருந்தால், தேங்கிய தண்ணீரே தான் எந்தக் குழாயிலிருந்து வந்தேன் என்று சொல்லிவிடும்.

இந்த வீட்டில் மாடியில் இரண்டு தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டியில் போர் தண்ணீர், ஐந்நூறு லிட்டர் தொட்டியில் நல்ல தண்ணீர். இரண்டும் தனித்தனிக் குழாயில் இறங்கி, சிங்க்குக்கு அடியில் சுவரில் தனித்தனி ஆங்கிள் காக்கில் (தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வு) முடிகின்றன. நல்ல தண்ணீர் ஆங்கிள் காக்கிலிருந்து ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு ஆர்ஓ மெஷினுக்குக் கிளை எடுத்திருக்கிறார்கள். முதல் வேலையாக நான்கு தண்ணீரையும் கழுவிய எவர்சில்வர் டம்ளர்களில் பிடித்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளந்தோம். போர் 3,400. நல்ல தண்ணீர் 380. ஆர்ஓவில் சுத்தமாகி வருவது 40. ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவு 520. (குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-இன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3,400 பாத்திரத்தோடு நிற்க வேண்டிய தண்ணீர்.)

கை வைப்பதற்கு முன் ஆர்ஓ மெஷினின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இங்கே அதன் சாக்கெட் அலமாரிக்குள்ளேயே, ஈரம் ஏறிய பின்சுவரில் இருந்தது. இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. சாமான்களை எல்லாம் வெளியே எடுத்ததில் பாதி காலியான பிளீச்சிங் பவுடர் பாக்கெட் ஒன்று, வாய் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடி கிடந்தது. பக்கத்தில் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில். இரண்டும் இந்த வழக்கில் சாட்சிகள். பின்னால் வருகிறது.

கழிவுநீர்ப் பக்கத்தை முதலில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினோம். முறை இது. இரண்டு ஆங்கிள் காக்கையும் மூடி, அடியில் உள்ள எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கப்ளிங்குக்கும் சிங்க்குக்கும் நடுவே, கப்ளிங் நட்டில், ட்ராப்பின் கிண்ண மூடியில், பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் என்று நான்கு இடத்திலும் டிஷ்யூ பேப்பர் சுற்ற வேண்டும். சிங்க்கை அடைப்பான் போட்டு அடைத்து, வாளியில் கொண்டுவந்த தண்ணீரை ஒரு சாண் உயரம் நிரப்பி அரை மணி நேரம் விட வேண்டும். இந்த நேரத்தில் பேப்பர் நனைந்தால் கோளாறு கப்ளிங்கின் விளிம்பில். நனையவில்லையென்றால் அடைப்பானைப் பிடுங்கி மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் விட வேண்டும். குழாயை லேசாகத் திறந்துவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. ட்ராப் நிறைந்து ஓடும்போதுதான் அதன் வாஷர்மேல் அழுத்தம் விழும்.

கடைசியாக ஒரு பாத்திரம் வெந்நீர். சோறு வடிக்கும் வீடுகளில் இதைச் செய்யாமல் விடக் கூடாது. கொதிகஞ்சியை நேராகச் சிங்க்கில் கொட்டுகிற பழக்கம் பிவிசி வேஸ்ட் பைப்பைக் கெடுத்துவிடும். அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். இளகி ஆறும்போது நட்டின் பிடி தளரும். பச்சைத் தண்ணீரில் ஒழுகாத மூட்டு கஞ்சி ஊற்றும்போது மட்டும் ஒழுகும். கஞ்சியை வடிக்கும்போது கூடவே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் போதும். இந்த வீட்டில் மூன்று சோதனையிலும் நான்கு பேப்பரும் காய்ந்தே இருந்தன. இரண்டு முறை மாற்றப்பட்ட வேஸ்ட் பைப் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

அடுத்தது இரவுச் சோதனை. முதல் இரவு இரண்டு ஆங்கிள் காக்கும் திறந்தபடி, சிங்க்கை யாரும் தொடாமல், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை. அடித்தட்டு முழுவதையும் மூடுகிற மாதிரி கழுவித் துடைத்த எவர்சில்வர் தாம்பாளங்களை வைத்தோம். பலகையில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி அளந்தால் பழைய உப்பெல்லாம் கரைந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடும். காலையில் சேர்ந்தது 310 மில்லி. டிடிஎஸ் 1,150.

இந்த 1,150 வீட்டிலுள்ள எந்தத் தண்ணீரோடும் பொருந்தவில்லை. அப்படியென்றால் இரண்டு தண்ணீர் கலந்திருக்கிறது, இரண்டு ஒழுகல் இருக்கிறது. கணக்கு எளிது. 1,150-இலிருந்து 380-ஐக் கழித்தால் 770. 3,400-இலிருந்து 380-ஐக் கழித்தால் 3,020. 770-ஐ 3,020-ஆல் வகுத்தால் கால் பங்கு. ஆக, சேர்ந்ததில் கால் பங்கு போர் தண்ணீர், முக்கால் பங்கு நல்ல தண்ணீர். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலைத்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் இந்தக் கணக்கை அரைக்கால் பங்கு துல்லியத்துக்கு இழுக்கக் கூடாது. ஒன்றா இரண்டா, எது அதிகம் எது குறைவு என்பதற்குத் தாராளமாகப் போதும். நல்ல தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ கழிவு கலந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே எண் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. அதைப் பிரிக்க இன்னொரு சோதனை வேண்டும்.

இரண்டாம் இரவு, இரண்டு ஆங்கிள் காக்கையும் இறுக மூடிவிட்டு அதே ஒன்பது மணி நேரம். காலையில் 78 மில்லி. டிடிஎஸ் 3,520. இந்த ஒற்றை இரவுதான் பாதி வேலையை முடித்தது. ஆங்கிள் காக்கை மூடியதும் நல்ல தண்ணீர் ஒழுகல் நின்றுவிட்டது. ஆகவே அந்தக் கோளாறு ஆங்கிள் காக்குக்குப் பிறகு, அதாவது டீ, கனெக்ஷன் பைப் (ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்கு ஏறும் வளையும் பைப்), குழாய், ஆர்ஓ கிளை இவற்றில் ஒன்றில் இருக்கிறது. போர் தண்ணீரோ ஆங்கிள் காக் மூடியிருந்தும் வந்துகொண்டே இருந்தது; ஆகவே அது ஆங்கிள் காக்குக்கு முன்னால், சுவரை ஒட்டி இருக்கிறது. 3,400 இருக்க வேண்டியது 3,520 ஆனதற்கு, இரவில் கொஞ்சம் ஆவியானதும் வழியில் காய்ந்திருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வந்ததும் காரணம்.

பகலில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. 310 மில்லியை ஒன்பது மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு அரை மில்லிக்குச் சற்று மேல். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் ஐந்து வினாடிக்கு ஒரு சொட்டு. பகலிலும் இதே வேகத்தில்தான் ஒழுகுகிறது. கதவு திறந்து மூடுவதிலும், ஈரம் கண்டதும் யாராவது துடைப்பதிலும் அது மறைந்துவிடுகிறது. மாதத்துக்கு மொத்தமே இருபத்தைந்து லிட்டர். தண்ணீர்க் கணக்கில் அது ஒன்றுமில்லை, பலகைக்கு அது நிறைய.

நல்ல தண்ணீர்ப் பக்கம்

போர் ஆங்கிள் காக் மூடியபடி இருக்க, நல்ல தண்ணீரை மட்டும் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரை இறுக்கிச் சுற்றினோம். மேலிருந்து கீழே சுற்றிக்கொண்டு வர வேண்டும். மேலே உள்ள பேப்பர் காய்ந்து கீழே உள்ளது நனைந்தால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். பக்கக் குழாய்களின்மேல் முகப் பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் இறங்கிய தடம் கோடாகத் தெரியும். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது: விரலால் தடவிப் பார்ப்பது. இந்தக் கரையின் காற்றில் எந்த உலோகத்தைத் தொட்டாலும் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்.

இருபது நிமிடத்தில் கனெக்ஷன் பைப்பின் கீழ் முனைப் பேப்பர் நனைந்தது. கீழ் நட்டைக் கழற்றிப் பார்த்தால் வாஷர் புதிதுபோல் இருந்தது. கோளாறு அங்கே இல்லை. எவர்சில்வர் கம்பி பின்னிய கனெக்ஷன் பைப்பில் ஓட்டை எங்கிருந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்க்கும் பின்னலுக்கும் நடுவே தண்ணீர் வழிந்து கீழ் முனையில்தான் எட்டிப் பார்க்கும். பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்ததும் தெரிந்தது. மேல் முனையில், குழாயின் அடியில் போய் முட்டும் இடத்தில், மூடிவளையத்தை ஒட்டிக் கம்பிகள் ஏழெட்டு அறுந்து, மீசைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை. பின்னலை வெட்டி எடுத்தபோது, கம்பியின் பிடி போன இடத்தில் ரப்பர் புடைத்து, அதில் நகக்கீறல் அளவு வெடிப்பு. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அது பிளந்து தொட்டி முழுவதும் சமையலறையில் கொட்டியிருக்கும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. சொட்டும் கனெக்ஷன் பைப்பை "ஒரு மாசம் போகட்டும்" என்று விடக் கூடாது. வேஸ்ட் பைப் ஒழுகினால் ஊற்றிய தண்ணீர் மட்டும்தான் ஒழுகும், அழுத்தத்தில் உள்ள பைப் வெடித்தால் தொட்டி காலியாகும்வரை நிற்காது.

வெளியிலிருந்து அறுந்த கம்பிக்கு உள்ளே ஓடும் நல்ல தண்ணீர் காரணம் அல்ல. காரணம் அந்த பிளீச்சிங் பவுடர் பாக்கெட். ஈரக் காற்றுப்பட்டால் அதிலிருந்து குளோரின் வாடை கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆசிட் பாட்டிலின் மூடி வழியே ஹைட்ரோகுளோரிக் ஆவி கசியும். மூடிய அலமாரி, கீழே தேங்கிய ஈரம், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலிலிருந்து ஜன்னல் வழியே வரும் உப்புக் காற்று எல்லாம் சேர்ந்து கம்பியின்மேல் மெல்லிய குளோரைடு படலமாகப் படிகின்றன. துருப்பிடிக்காத எஃகுக்கு எதிரி என்று இருந்தால் அது குளோரைடுதான். இழுவிசையில் இருக்கும் மெல்லிய கம்பியில் முதலில் குழி விழும், பிறகு குறுக்கே விரிசல் ஓடும். மேல் முனையில் ஆரம்பித்ததற்கும் காரணம் உண்டு: வளையத்துக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடுக்கில் உப்பு காயாமல் தங்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே தவறு. இரண்டும் கலந்தால் நச்சு வாயு. இரண்டையும் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கச் சொல்லிவிட்டோம்.

"காந்தம் ஒட்டலையே தம்பி, நல்ல எவர்சில்வர்னுதானே வாங்குனோம்" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். கடையில் பலரும் இதையே நம்பி வாங்குகிறார்கள். காந்தம் இதற்கு உதவாது. மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது; நல்ல 304-ஐ மெல்லிய கம்பியாக இழுத்தால் அதில் லேசாக ஒட்டவும் செய்யும். 304-ஆகவே இருந்தாலும் இந்த அலமாரிக்குள் அது பிழைத்திருக்காது. அதனால் மாற்றாகப் போட்டது வெள்ளைப் பிவிசி கனெக்ஷன் பைப், 18 அங்குலம், இரு முனையிலும் பித்தளை நட்டு உள்ளது. கடலோரத்தில் வெந்நீர் ஓடாத சிங்க்குக்கு இதுவே மேல். பழைய 24 அங்குலப் பைப் வளைந்து தொங்கி ட்ராப் நட்டைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் பழி அங்கே போனது. நீளம் சரியாக அளந்து வாங்க வேண்டும். இழுத்துக் கட்டியதுபோலவும் இருக்கக் கூடாது, தொங்கவும் கூடாது.

மாட்டும்போது நடக்கும் பெரிய பிழை கனெக்ஷன் பைப் நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றுவது. அங்கே தண்ணீரை அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட்டு இறுகியதுபோல் கைக்குத் தோன்றும், வாஷர் முழுதாக உட்கார்ந்திருக்காது. கையால் முடிந்தவரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் வாஷர் பிதுங்கும். மாட்டிய பிறகு போர் மூடியபடி, ஆர்ஓவை ஓடவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தோம். எல்லாப் பேப்பரும் காய்ந்திருந்தன. ஆர்ஓ கழிவுக் குழாயின்மீதான சந்தேகமும் தீர்ந்தது.

போர் பக்கம்

கடினமான வேலை இங்கேதான். போர் ஆங்கிள் காக்கின் பின்னால் சுவரை மறைக்கும் வட்டத் தகட்டை முன்னால் இழுத்ததும், ஆங்கிள் காக்கைச் சுவருக்குள் உள்ள குழாயோடு இணைக்கும் குட்டை மரைத்துண்டான நிப்பிளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. வெள்ளை உப்பு, பச்சை களிம்பு. துடைத்துவிட்டு நிப்பிளின் உடம்பைக் கத்தி முனையால் சுரண்டினால் பித்தளையின் மஞ்சள் வர வேண்டும். இதில் வந்தது இளஞ்சிவப்பு.

அந்த நிறத்துக்குப் பொருள் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்; சாதாரணப் பிளம்பிங் பித்தளையில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குளோரைடு மிகுந்த தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் அரித்துக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது துளைகள் நிறைந்த செம்பு. உருவம் அப்படியே இருக்கும், மரை அப்படியே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. துளைகள் வழியே தண்ணீர் வியர்வைபோல் வெளியே வரும். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடத்தில் இது வேகமாக நடக்கும். ஓட்டை என்று ஒன்று இல்லாததால், டேப் மாற்றினாலும் எம்-சீல் அப்பினாலும் ஒழுகல் நிற்காது. நல்ல தண்ணீர்ப் பக்கத்து நிப்பிள் அதே வயது, அதே கடைச் சாமான். சுரண்டினால் மஞ்சள் பளிச்சென்று வந்தது. வேறுபாடு தண்ணீரில்தான்.

நிப்பிளைக் கழற்ற மாடியில் போர் தொட்டியின் கேட் வால்வை மூட வேண்டும். கைப்பிடி சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பித்தளை வால்வுக்கும் இதே நோய்தான்: தண்டின் நுனி அரித்துப் போய், உள்ளே உள்ள தகடு தண்டோடு சேர்ந்து இறங்காமல் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உடைந்து கையோடு வரும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது நடந்தால் பெரிய பாடு. அதனால் மோட்டார் போடுவதை நிறுத்தி, தொட்டியை அன்றாட உபயோகத்திலேயே காலி செய்யவிட்டு, மறுநாள் காலை அந்த வால்வை வெட்டியெடுத்து ஒரு அங்குல யுபிவிசி பிளாஸ்டிக் பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பி மூடுவது), கழற்றி மாட்ட யூனியன் இணைப்புடன் போட்டோம். கடலோர வீட்டில் மாடித் தொட்டிக்குப் பித்தளைக் கேட் வால்வு வேண்டாம். பால் வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் உப்பில் இறுகும்.

அதன்பின் நிப்பிள். ஆங்கிள் காக்கை எதிர்க்கடிகாரச் சுற்றில் திருப்பியதும், எதிர்பார்த்தபடியே நிப்பிள் பிஸ்கெட்போல் ஒடிந்தது. பாதி ஆங்கிள் காக்கோடு வந்தது, அரை அங்குல மரைத் துண்டு சுவருக்குள் சிபிவிசி பிளாஸ்டிக் எல்போவின் (வளைவு இணைப்பு) பித்தளை மரையில் தங்கியது. இந்த நேரத்தில் அவசரப்பட்டு உளியால் குத்தினால் எல்போ வெடிக்கும். எல்போ வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஹாக்சா பிளேடைப் பாதியாக ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, துண்டின் உட்புறத்தில் நீளவாக்கில் அறுக்க வேண்டும். பல் முன்னோக்கி இருந்தால் இழுக்கும்போது அறுக்காது. பல்லைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, இழுக்கும் வாக்கில் அறுப்பதே கைக்குக் கட்டுப்படும். அரை அங்குல மரையின் வெளி விட்டம் 21 மில்லிமீட்டர், நிப்பிளின் சுவர்க் கனம் இரண்டரை மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம். இரண்டு மில்லிமீட்டர் அறுத்ததும் நிறுத்த வேண்டும். எல்போவின் மரை மஞ்சளாகக் கண்ணில் பட்டால் ஏற்கெனவே ஆழம் அதிகம். ஒரு சாண் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் அறுக்க வேண்டும். விரல் அகலம் தள்ளி இரண்டாவது கோடு. பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரை அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள பட்டையில் வைத்து உள்நோக்கி மெதுவாகத் தட்டினால் அது வளைந்து உள்ளே விழும். வட்டம் அறுந்ததும் மிச்சம் மூக்குக் குறடுக்குப் பிடிபட்டுச் சுற்றி வந்துவிடும். அவசரமில்லாமல் செய்தால் முக்கால் மணி நேர வேலை.

துண்டு வெளியே வந்ததும் எல்போவின் முதல் மரையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இங்கே மஞ்சள் வந்தது. மரையில் பல் எதுவும் உதிரவில்லை. சிவப்பு வந்தாலோ மரை பொடிந்தாலோ எல்போவை விட்டுவைப்பதில் பலன் இல்லை. டைல்ஸ் ஒன்றை உடைத்துப் புது எல்போ ஒட்டுவதே வழி. அதையும் டேப்பால் ஒப்பேற்றினால் கசிவு சுவருக்குள் நடக்கும், வெளியே தெரியும்போது செங்கல் வரை உப்பு ஏறியிருக்கும். பழைய டேப் பிசிறுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, வால்வை ஒரு கணம் திறந்து ஒரு குவளைத் தண்ணீர் பீய்ச்ச விட்டு, மண்ணும் பித்தளைப் பொடியும் போகக் கழுவினோம். இதைச் செய்யாவிட்டால் அந்தப் பொடி புது ஆங்கிள் காக்கின் உள்ளே போய் உட்கார்ந்து அடுத்த ஒழுகலுக்கு வழி செய்யும்.

புது நிப்பிள் சாம்பல் நிற யுபிவிசி, கனமான ஷெட்யூல் 80 ரகம், அரை அங்குலம். போர் தண்ணீருக்குப் பித்தளைக்குப் பதில் இதுதான். உப்பு இதை ஒன்றும் செய்யாது. பலவீனம் வேறு: பக்கவாட்டில் இடித்தால் ஒடியும். ஆகவே நீளம் முடிந்தவரை குறைவாக, சுவருக்கு வெளியே ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்டாமல் இருக்க வேண்டும். டெஃப்லான் டேப் பத்துச் சுற்று, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க கடிகாரச் சுற்றில், முதல் மரையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து மரைக்குள் படியச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வரும். கையால் இறுகும்வரை, பிறகு ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. சணலும் பெயிண்டும் பிளாஸ்டிக் மரைக்கு வேண்டாம். சணல் ஊறி உப்பும்போது பெண் மரையைப் பிளந்துவிடும். திருகியபின் நேர்ப்படுத்த வேண்டும் என்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. திருப்பினால் அவிழ்த்துப் புது டேப் சுற்றியே மாட்ட வேண்டும்.

ஆங்கிள் காக்கும் பிடிஎம்டி பிளாஸ்டிக்கில் மாற்றப்பட்டது. பழைய குரோம் பூசிய பித்தளைக் காக் வெளியே பளபளத்தாலும், ஒடிந்து வந்த நிப்பிள் துண்டைப் பிடுங்கியபோது அதன் வாய் மரையும் சிவந்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆங்கிள் காக், நிப்பிள், கனெக்ஷன் பைப் இரண்டு, டேப் எல்லாம் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாடி வால்வு தனி.

தொட்டி நிறைந்ததும் பேப்பர் சோதனை மறுபடி. மாடித் தொட்டி சிங்க் மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் உயரம், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. பத்தாம் நிமிடம், ஒரு மணி நேரம், பிறகு ஒரு முழு இரவு. தட்டில் ஒரு சொட்டும் இல்லை. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும் இந்த ஊரில் குழாய் வெளியே வியர்த்து ஈரம் காட்டுவது அரிது. அதனால் புது வேலைக்குப் பிறகு பேப்பர் கொஞ்சம் நனைந்தாலும் அதை ஒழுகல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊதிய பலகை திரும்ப ஒட்டாது. அதை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் போர்டு, முன்பக்கம் விரல் உயரம் விளிம்பு வைத்து, பின்சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டோம். கடப்பா கல் கிடைத்தால் அது இன்னும் நல்லது. கதவில் காற்றுப்போக நான்கு துளை. ஆர்ஓ சாக்கெட்டை எலெக்ட்ரீஷியனை வைத்து மேடைக்கு மேலே மாற்றச் சொல்லியிருக்கிறது.

அதே போர் தண்ணீர், அதே வயது நிப்பிள்கள் வீட்டில் இன்னும் பல இடத்தில் உண்டு. தகட்டை இழுத்துச் சுரண்டிப் பார்த்ததில் வாஷிங் மெஷின் குழாயும் கழிவறை ஃபிளஷ் தொட்டி ஆங்கிள் காக்கும் சிவப்புக் காட்டின. ஃபிளஷ் தொட்டியில் இன்னும் ஈரம் இல்லை, நிறம் மட்டும்தான். வாஷிங் மெஷினில் தகட்டுக்குப் பின்னால் உப்புப் பூத்தாயிற்று. பூத்ததை முதலில் மாற்ற வேண்டும். மாடி வால்வு இப்போது மூடும் என்பதால் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. வால்வை மூடி, கீழ்த்தளக் குழாய் ஒன்றைத் திறந்து குழாயிலிருப்பதை வடியவிட்டு, ஹாக்சா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கிள் காக்கைத் திருப்பத் தொடங்க வேண்டும்.